மாணவர் செய்மதியின் உந்துகைத் தொகுதி: முறைமைப் பொறியியல் பொறுப்பை ஏற்பவருக்கு

2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளிவிடப்பட்ட இராவணா-1, இலங்கையர் கையால் உருவான முதலாவது செய்மதியாகும். பக்கம் பத்துச் சென்றிமீற்றரும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் திணிவும் கொண்ட அந்தக் கனசதுரத்தில் உந்துகைத் தொகுதி எதுவும் இருக்கவில்லை. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்ட பிறகு, அங்குள்ள மெல்லிய வளியின் இழுவைக்கு உட்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வருவதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்கவில்லை. அடுத்து வருவதை நாமே நகர்த்தினால் என்ன என்ற கேள்வி பொறியியல் மாணவர்களுக்கு எழுவது இயல்பானதே. கொழும்பில் அப்படிப்பட்ட ஒரு மாணவர் குழுவில் முறைமைப் பொறியியல் பொறுப்பை இரண்டு ஆண்டுகள் வகித்தவன் என்ற வகையில், அந்தப் பொறுப்பை இப்போது ஏற்கவிருப்பவருக்கு உதவக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பொறுப்போடு சேர்ந்து வரும் தலைமை என்ற சொல்லைக் கேட்டு முதலில் நானும் தவறாகத்தான் விளங்கிக்கொண்டேன். வாயுத் தாங்கியை வடிவமைப்பவர், வால்வைத் தெரிவு செய்பவர், மின்சுற்று வரைபவர், மென்பொருள் எழுதுபவர் என ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கிறார். அவர்களில் எவரையும்விட அந்த வேலையை நன்றாகச் செய்பவராக நீங்கள் இருக்கவேண்டியதில்லை. ஒருவருடைய வேலை முடிந்து மற்றவருடையது தொடங்கும் எல்லைக்கோட்டில் எந்த எண் கைமாறுகிறது, அது யாருடையது, எந்த அலகில் இருக்கிறது, எந்தத் திகதியில் கடைசியாக மாறியது என்பவற்றை அறிந்திருப்பதே உங்கள் வேலை. பிற்பாடு நாங்கள் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை உரிமையாளர் இல்லாத ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்கின.

தேவையை எண்ணாக எழுதுதல்

"செய்மதியை நகர்த்தவேண்டும்" என்பது ஆசை. "3 கிலோகிராம் திணிவுள்ள செய்மதியின் வேகத்தைச் செக்கனுக்கு 10 மீற்றர் மாற்றவேண்டும்" என்பது தேவைப்பாடு. இரண்டாவது வாக்கியத்தை எழுதி, குழுவினர் எல்லோரும் அதற்கு உடன்படும்வரை எவரும் கணினியில் வரைபடம் திறக்கக்கூடாது என்று சொல்லுங்கள். முதல் மாதத்தில் இதனால் உங்களை எவருக்கும் பிடிக்காது.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எவ்வளவு வெளிவருகிறது என்பதைக் குழுவினர் முன்னிலையில் வெண்பலகையில் செய்து காட்டுவது நல்லது. எதையும் எரிக்காமல் அமுக்கத்திலுள்ள வாயுவை வெளிவிட்டுத் தள்ளும் குளிர்வாயு உந்தியின் தன்கணத்தாக்கு (உந்துபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதன் அளவு) 60 செக்கன் என்று எடுத்தால், வாயு வெளியேறும் பயனுறு வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 588 மீற்றர் ஆகும். வேகமாற்றத்தையும் உந்துபொருளின் திணிவையும் தொடர்புபடுத்தும் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் அதை இட்டால், மேற்சொன்ன வேகமாற்றத்துக்கு 51 கிராம் வாயு போதும். தன்கணத்தாக்கு 45 செக்கனாகக் குறைந்தால் தேவைப்படும் வாயு 67 கிராம் ஆகிவிடும். இடையிலுள்ள 16 கிராம், ஒரு மேசைக்கரண்டிச் சீனியைவிடச் சற்றே கூடுதலானது. அதைக் கேட்டுத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் அந்த வாயு திரவ பியூற்றேன் என்று கொண்டு, தாங்கியில் ஐந்தில் ஒரு பங்கை விரிவுக்காக வெறுமையாக விட்டால், தாங்கியின் கொள்ளளவு 110 மில்லிலீற்றரிலிருந்து 145 மில்லிலீற்றராகிறது. பத்துச் சென்றிமீற்றர் சட்டகத்துக்குள் அந்த 35 மில்லிலீற்றர் வேறு எவருடைய இடத்திலிருந்தோதான் வரவேண்டும். எங்களுக்கு அது மின்சுற்றுப் பலகையின் இடத்திலிருந்து வந்தது.

60 என்பது பாடப்புத்தகத்தில் காணக்கூடிய எண். உண்மையில் பறந்த ஒன்றை வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகச் சூழலில் உருவாகி 2000 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஸ்னாப்-1 என்ற 6.5 கிலோகிராம் செய்மதி, 32.6 கிராம் பியூற்றேனைக் கொண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 2.1 மீற்றர் வேகமாற்றத்தைப் பெற்றது. பின்னோக்கிக் கணித்தால் தன்கணத்தாக்கு 43 செக்கன் அளவில்தான் வருகிறது. ஆகவே உங்கள் பாதீட்டில், அதாவது எதற்கு எவ்வளவு என்ற கணக்கில், 60 என்று எழுதியவரிடம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

எதை எரிப்பது, எதை எரிக்காமல் விடுவது

திண்ம உந்துபொருள் பற்றிய கனவோடு வரும் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவராவது எல்லாக் குழுவிலும் இருப்பார். இலங்கையில் அத்தகைய கலவைகளைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தோடு உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். செய்மதி உந்திகளில் பயன்படும் திரவ உந்துபொருளான ஐதரசீன் நச்சுத்தன்மை உடையது. மாணவர் ஆய்வுகூடத்தில் அதற்கு இடமில்லை. எனவே முதல் திட்டத்துக்குக் குளிர்வாயுவோ, ஆவியாகும் திரவத்தைப் பயன்படுத்தும் முறையோதான் பொருத்தமானது என்பது என் தீர்ப்பு.

அதற்குப் பிறகும் ஏவுபவரின் நிபந்தனை இருக்கிறது. இத்தகைய சிறு கனசதுரச் செய்மதிகளுக்கான கியூப்சாட் தரநிலையின் முந்தைய திருத்தங்கள் 1.2 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கக் கலங்களை அனுமதிக்கவேயில்லை. பின்னர் வந்த 13 ஆம் திருத்தம் உந்துகைத் தொகுதிக்கு இடம் தருகிறது. ஆனால் அது தவறுதலாக இயங்காதிருக்கக் குறைந்தது மூன்று தடுப்புகளைக் கேட்கிறது, சேமித்த இரசாயன சக்தியை 100 வாற்று மணிக்குள் வைக்கச் சொல்கிறது, வெடித்து இயங்கும் பொறிகளை முற்றாக மறுக்கிறது. இந்த மூன்று தடுப்புகள் என்பதில்தான் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். தொடரில் இரண்டு வால்வுகளையும் ஒரு மின்னாளியையும் வைத்துவிட்டு மூன்று என்று எண்ணுவார்கள். மூன்றையும் ஒரே நுண்கட்டுப்படுத்தி திறக்குமானால், அந்த ஒரு சில்லு பழுதடையும்போது மூன்றும் சேர்ந்தே போய்விடும். மீளாய்வுக்கு வருபவர் அதை ஒன்று என்றுதான் எண்ணுவார்.

வாயுவைத் தெரிவு செய்யும்போது வெப்பநிலையையும் சேர்த்தே தெரிவு செய்கிறீர்கள். பியூற்றேனின் ஆவியமுக்கம் 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2.8 பார், பூச்சியம் பாகையில் அது 1 பார் மட்டுமே. கொழும்பில் ஆண்டு முழுவதும் 30 பாகையில் சோதித்துப் பெறும் அழகான முடிவுகள், சுற்றுப்பாதையில் குளிர்ந்து கிடக்கும் தாங்கியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. போதாததற்கு, ஆவியாகும் வாயு தன்னைத் தானே குளிரச் செய்கிறது. 60 கிராம் திரவத்திலிருந்து ஒரு கிராம் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் வராதபட்சத்தில் எஞ்சிய திரவம் ஏறத்தாழ 2.5 பாகை குளிரும். ஆகவே உந்துவிசை எவ்வளவு என்ற கேள்விக்கு, எந்த வெப்பநிலையில், தொடர்ந்து எத்தனை செக்கன் இயக்கிய பின் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லாத பதிலை ஏற்காதீர்கள்.

இந்த விடயத்தைப் புதியவர்களுக்கு விளக்க நான் 2021 இன் இறுதி வாரங்களை நினைவூட்டுவது வழக்கம். நாடெங்கும் வீட்டுச் சமையலறைகளில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தன. அதை விசாரித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த பியூற்றேன், புரொப்பேன் விகிதம் மாறியதை முக்கிய காரணமாகக் காட்டியது. 30 பாகையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் 10 பாரைத் தாண்டும். சிலிண்டர், ரெகுலேற்றர், குழாய் எல்லாம் முன்பிருந்தவையே. கலவையின் விகிதம் என்ற ஓர் எண் மட்டும் மாறியிருந்தது. அதை வாங்கிச் சமைத்தவர்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. அம்மாவின் அடுப்பை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டவர்களுக்கு, உரியவர்களுக்கு அறிவிக்காமல் எதையும் மாற்றக்கூடாது என்னும் மாற்றக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று அதன்பின் விளக்கவேண்டி இருக்கவில்லை.

எல்லைக்கோட்டு ஆவணம்

இரு உபகுழுக்களுக்கிடையே கைமாறும் ஒவ்வோர் எண்ணையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். பெயர், பெறுமானம், அலகு, எதனோடு ஒப்பிட்டு அளந்தது, உரிமையாளர், திகதி என்று ஆறு நிரல்கள் போதும். அலகை மட்டும் எழுதினால் போதாதா என்பவருக்கு, 1999 செப்டெம்பர் 23 அன்று செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் அளவுக்கு மீறித் தாழ்ந்து இழக்கப்பட்ட மார்ஸ் கிளைமேற் ஓபிற்றர் என்ற நாசா விண்கலத்தைச் சொல்லலாம்: சிறிய உந்திகளின் கணத்தாக்கை (விசையையும் அது செயற்பட்ட நேரத்தையும் பெருக்கிய அளவை) ஒரு தரப்பு இறாத்தல் விசைச் செக்கனில் கொடுத்தது, மறுதரப்பு அதை நியூற்றன் செக்கனாக எடுத்துக்கொண்டது, வித்தியாசம் 4.45 மடங்கு. ஆனால் அலகு சரியாக இருந்தும் தவறு நேரலாம் என்பதை நாங்கள் எங்கள் கையால் கற்றோம்.

எங்கள் குழுவில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் புழங்கின. அமுக்கம் என்பதை எல்லோருமே "பிரஷர்" என்றுதான் சொன்னோம். மூன்று மொழிக்கும் பொதுவான அந்தச் சொல்லால் வேலை இலகுவாகிவிட்டதாகவே எண்ணியிருந்தோம். இயந்திரப் பிரிவினர் பஞ்சிகாவத்தையில் வாங்கிய முள் அமுக்கமானி, வளிமண்டலத்துக்கு மேலுள்ள அமுக்கத்தைக் காட்டுவது. மின்னணுப் பிரிவினரின் உணரியோ தனியமுக்கத்தை, அதாவது வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளக்கும் அமுக்கத்தை, காட்டுவது. ஒரே தாங்கிக்கு முள் 1.8 என்றது, திரை 2.8 என்றது. இரண்டும் பார், இரண்டும் சரி. இரு தரப்பினரும் மற்றவருடைய கருவி பழுது என்று எண்ணிக்கொண்டார்கள். எவரும் எவரிடமும் கேட்கவில்லை. பரீட்சைக்கு முந்தைய ஓர் இரவில், மென்பொருள் எழுதிய தம்பி ஒருவர் சண்டை வேண்டாம் என்று நினைத்து, உணரியின் அளவிலிருந்து 1.0 ஐக் கழிக்கும் ஒற்றை வரியைச் சேர்த்துவிட்டார். அதன் பிறகு எல்லாம் ஒத்துப்போனது. எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து, கசிவைச் சோதிப்பதற்காக வெற்றுத் தாங்கியை வெற்றிடப் பம்பியில் இணைத்தபோது, திரையில் மைனஸ் 0.98 என்று விழுந்தது. நாங்கள் நால்வர் நின்றிருந்தோம். கூட இருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், "அண்ணா, தனியமுக்கம் எப்படி மைனசுக்குப் போகும்?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். அந்த ஒற்றை வரியோடு ஏவியிருந்தால், விண்வெளியில் 1 பார் அமுக்கத்தோடு இருக்கும் தாங்கியை மென்பொருள் வெறுமையானது என்று முடிவுகட்டி, வால்வைத் திறக்கவே மறுத்திருக்கும். தம்பியை எவரும் குறை சொல்லவில்லை. கேட்டு அறிவதற்கான இடத்தை நான் ஏற்படுத்தித் தராததுதான் குறை. எதனோடு ஒப்பிட்டு அளந்தது என்ற நான்காவது நிரல் அன்று மாலை அட்டவணையில் சேர்ந்தது.

இதிலிருந்து பிறந்த நடைமுறை ஒன்று உண்டு. எந்த எண்ணையும் திருத்தலாம்; ஆனால் திருத்தியவர் அதன் உரிமையாளருக்கு நேரில் சொல்லி, அட்டவணையில் திகதியோடு எழுதியிருக்கவேண்டும். மென்பொருளுக்குள் விளக்கமின்றி நிற்கும் எந்த மாறிலியும், அது 1.0 ஆக இருந்தாலும், வாராந்தக் கூட்டத்தில் விசாரிக்கப்படும்.

பாதீடுகள்

திணிவுப் பாதீட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. புதிதாக வடிவமைக்கும் பகுதிக்கு 20 சதவீதம் மேலதிகமாக ஒதுக்குங்கள். எடையிட்டுப் பார்த்த பகுதிக்கு மட்டும் அதைக் குறையுங்கள். திருகுகளையும் வயர்களையும் பசையையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. மின்வலுப் பாதீட்டில் சராசரியை மட்டும் பார்ப்பது மாணவர்களின் பழக்கம். மின்காந்தத்தால் இயங்கும் வரிச்சுருள் வால்வு திறக்கும் கணத்தில் பெரும் மின்னோட்டத்தை இழுத்து, அதன்பின் அதில் ஒரு பகுதியாலேயே திறந்தபடி நிற்கும். அந்தச் சில மில்லிசெக்கன்களில் பற்றரியின் வோல்ற்றளவு விழுந்து கணினி மீளத் தொடங்கினால், வால்வு எந்த நிலையில் நிற்கும் என்ற கேள்விக்குப் பதில் "மூடிய நிலையில்" என்பதாக மட்டுமே இருக்கலாம்.

சோதனை

முதலில் பாதுகாப்பு. தாங்கியின் வலிமையை நீரால் நிரப்பிச் சோதியுங்கள். நீர் அமுங்குவது மிகக் குறைவு என்பதால், தாங்கி பிளந்தாலும் வெளிப்படும் சக்தி சிறிதாகவே இருக்கும். உயர்ந்தபட்ச இயக்க அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றி, பொறுத்திருந்து, பிறகு அளந்து பாருங்கள். வால்வு, குழாய் ஆகியவற்றின் முதல் ஓட்டங்களை நைதரசனால் செய்யுங்கள். பியூற்றேன் வளியைவிடப் பாரமானது. மூடிய அறையின் தரையில் தேங்கி நிற்கும். அதைத் திறந்த வெளியில், தீப்பொறிக்கு வழியில்லாத இடத்தில், பொறுப்பான விரிவுரையாளர் உடனிருக்க மட்டுமே கையாளுங்கள்.

10 மில்லிநியூற்றன் என்பது ஏறத்தாழ ஒரு கிராமின் நிறை. அதை அளக்க அமைத்த எங்கள் தாங்குசட்டம், கூரை மின்விசிறி சுழன்றால் உந்தியே இயங்காமல் 30 மில்லிநியூற்றன் காட்டியது. விசிறியை நிறுத்தினால் வியர்வை வழிந்தது. யன்னலைத் திறந்தால் கடற்காற்று வந்தது. கடைசியில் பழைய மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடியாக்கினோம். அப்படிப் பெற்ற எண்ணும் வளிமண்டலத்துக்குள் பெற்ற எண்ணே. வெளியமுக்கம் இருக்கும்போது கூம்புவாயினூடான பாய்ச்சல் வெற்றிடத்தில் இருப்பது போல் விரிவதில்லை. ஒரே கட்டளைக்கு ஒரே விசை ஒவ்வொரு முறையும் வருகிறதா என்று பார்ப்பதற்கு அந்தச் சோதனை உதவும். அங்கே கிடைத்த உந்துவிசையைச் சுற்றுப்பாதைக் கணக்கில் அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

கசிவுச் சோதனைக்குத்தான் நான் மிகுந்த நேரத்தை ஒதுக்குவேன். 2018 இல் செவ்வாயை நோக்கிச் சென்ற மார்கோ இரட்டைச் செய்மதிகளில் ஒன்றின் உந்தி வால்வு கசிந்துகொண்டே இருந்தது; கசிவு தரும் சிறு தள்ளலையும் கணக்கில் எடுத்தபடி அதை வழிநடத்தவேண்டி இருந்தது. ஆறு மாதத்தில் 5 கிராம் இழப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால், ஒரு நாளைக்கு 28 மில்லிகிராம் கசியலாம். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. செட்டியார் தெரு நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற, 10 மில்லிகிராம் வரை காட்டும் தராசு ஒன்றும் பொறுமையும் போதும். நிரப்பிய தாங்கியை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடையிட்டு எழுதவேண்டும். எங்களுக்கு முதல் வாரம் எடை குறையாமல் கூடியது. கொழும்பின் ஈரப்பதன் தாங்கியின் மேற்பரப்பிலும் பட்டிகளிலும் படிந்ததே காரணம். அதே அளவுள்ள வெற்றுத் தாங்கி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பதியத் தொடங்கிய பிறகுதான் வரைபு நேராகியது.

ஆட்களும் நாட்காட்டியும்

திட்ட அட்டவணையை வரையும்போது முதலில் பரீட்சை வாரங்களையும், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள் விடுமுறைகளையும் அடித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வால்வை வடிவமைப்பு முடிவதற்கு முன்பே தெரிவு செய்து ஓடர் கொடுங்கள். சுங்கத்தில் அது எத்தனை நாள் கிடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. கூடுமானவரை இரண்டாவதாக ஒன்றையும் வாங்குங்கள்.

மீளாய்வுக்குக் குழுவுக்கு வெளியிலிருந்து ஒருவரையாவது அழையுங்கள். அவர் விண்வெளி அறிந்தவராக இருக்கத் தேவையில்லை. குளிரூட்டித் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் எங்கள் குழாய் இணைப்புகளைப் பார்த்து அரை மணித்தியாலத்தில் சொன்னவை, விரிவுரை மண்டபத்தில் நாங்கள் கேட்ட பலவற்றைவிடப் பயன்பட்டன. கூட்டத்தில் எடுத்த முடிவுகளை மட்டுமன்றி, கைவிட்ட தெரிவுகளையும் அவற்றைக் கைவிட்ட காரணத்தையும் எழுதிவையுங்கள். நான்காம் ஆண்டினர் வெளியேறியதும் அந்தக் காரணங்களும் அவர்களோடு போய்விடும். அடுத்த அணி அதே வாயுவை மறுபடி தெரிவு செய்து, அதே இடத்தில் ஒரு பருவத்தை இழக்கும்.

பொறுப்பைக் கையளிக்கும் நாளில் கோப்புகளைக் கொடுத்துவிட்டு விலகிவிடாதீர்கள். நான் கையளித்தபோது, அடுத்து வந்தவரிடம் அட்டவணையிலிருந்து ஏதாவது பத்து எண்களைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றையும் அவரே மீண்டும் அளந்து பார்க்கச் சொன்னேன். ஒன்பது ஒத்துப்போயின. நிரப்பிய தாங்கியின் எடை மட்டும் 0.4 கிராம் கூடுதலாக வந்தது. இருவரும் ஒரு மணித்தியாலம் தேடிய பின், மூன்று வாரத்துக்கு முன் யாரோ தாங்கியில் பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டியிருந்ததைக் கண்டோம். அவர் அந்தச் சீட்டை உரிக்கவில்லை. அட்டவணையில் அதற்கென ஒரு வரியைச் சேர்த்து, உரிமையாளர் என்ற நிரலில் தன் பெயரை எழுதினார்.